செய்திக்கு ஒரு வரப்பு
(வானொலிப் பேச்சு)



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுவதுதான் இந்த நேரத்தின் வழக்கம். இன்றைக்குக் கொஞ்சம் மாறுதலாக, உங்கள் சட்டைப் பையில் இருக்கிற கைப்பேசியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதிலும் குறிப்பாக, அதில் வந்து விழுகிற வியாபாரச் செய்திகளைப் பற்றி. அந்தச் செய்திகளை யார் அனுப்பலாம், எப்படி அனுப்பலாம், எந்த நேரத்தில் அனுப்பலாம் என்பதற்கெல்லாம் நம் நாட்டில் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் எப்படி வந்தன, எதற்காக வந்தன என்பது ஒரு சுவையான வரலாறு. நமக்கு மிகவும் வேண்டிய வரலாறும்கூட.

"எனக்கு எதற்குங்க இது? நான் என்ன பாங்கியா நடத்துகிறேன்?" என்று கேட்பீர்கள். தங்கச்சிமடத்தை எடுத்துக் கொள்வோம். பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேசுவரம் போகிற வழியில் இருக்கிற ஊர். கடலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். மணல் பூமியில் மல்லிகைக் குச்சியை நட்டு, வேர் பிடிக்க வைத்து, நாற்றாக விற்கிறவர்கள் இன்னொரு பக்கம். இங்கே வேர் விட்ட நாற்றுதான் வெளிமாவட்டம், வெளிமாநிலம் என்று போய்ப் பூக்கிறது. வாங்குகிறவர் எங்கேயோ இருக்கிறார். விற்கிறவர் தீவில் இருக்கிறார். நடுவிலே ஓடுவது செய்திதான்.

அந்த ஊரில் ஒரு நாற்றங்காலில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"மாமா, நம்மகிட்ட நாற்று வாங்கினவங்க, விலை கேட்டவங்க நம்பரெல்லாம் சேர்த்தா முந்நூறுக்கு மேல இருக்கு. 'நாற்று தயார், விலை இவ்வளவு'ன்னு ஒரே அமுக்கா எல்லாருக்கும் அனுப்பிடவா?"

"அனுப்பு மாப்ளே. செய்திதானே, அதுல என்ன இருக்கு?"

மாமா சொன்னது சரியா, தப்பா? பதிலைப் பேச்சின் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

நம் நாட்டில் பொதுமக்கள் தந்தி அடிக்கத் தொடங்கியது 1855-ஆம் ஆண்டு. அன்றைய கட்டணம் என்ன தெரியுமா? 400 மைல் தூரத்துக்கு, 16 சொல்லுக்கு ஒரு ரூபாய். அந்தக் காலத்து ஒரு ரூபாய் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் காசு என்பதால், ஜனங்கள் சொல்லை எண்ணி எழுதினார்கள். "உடனே புறப்பட்டு வா" என்பதோடு முடித்துக் கொள்வார்கள். கல்யாண வாழ்த்துக்கெல்லாம் தபால் இலாகாவே வாசகங்களைத் தயார் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தது. எண்ணைச் சொன்னால் போதும், வாசகம் போய்ச் சேரும்.

இதனால் ஒரு பலன் இருந்தது. தந்தி வந்தது என்றால் ஊரே நின்று பார்க்கும். வாசலில் தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்தினால் வீட்டுப் பெண்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஏன்? காரியம் இல்லாமல் யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குச் செய்திக்கு வரப்பு கட்ட சட்டம் தேவைப்படவில்லை. கட்டணமே வரப்பாக இருந்தது.

செய்தியின் அருமை ராமேசுவரம் தீவுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயிலே கடலுக்குள் போயிற்று. பாலமும் சேதப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு செய்தி வந்து சேர்வதும் சேராமல் போவதும் உயிர்ப் பிரச்சினை. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், மறுபடி இங்கே வருவேன்.

தந்தி 2013 ஜூலையில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு வெகு முன்பே அதன் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி, அதாவது எஸ்.எம்.எஸ்., பிடித்துக் கொண்டது.

குறுஞ்செய்திக்கும் பிறவியிலேயே ஓர் அளவு உண்டு. 1985-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர், ஒரு சாதாரணச் செய்திக்கு எத்தனை எழுத்து போதும் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். தபால் கார்டுகளில் ஜனங்கள் எழுதுவது பெரும்பாலும் 150 எழுத்துக்குள் அடங்கி விடுகிறது என்று கண்டார். அதை ஒட்டி 160 எழுத்து என்று அளவு வைத்தார்கள். உலகத்தின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் போயிற்று. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அந்த 160 ஆங்கில எழுத்துக்குத்தான். தமிழில் எழுதினால் 70 தான். தமிழ் எழுத்துக்கு அதிக இடம் பிடிக்கிறது என்பது காரணம். அந்த 70-லும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மல்லிகை என்று எழுதுகிறோம். நம் கண்ணுக்கு நாலு எழுத்து. ஆனால் புள்ளி, கொம்பு, சுழி எல்லாவற்றையும் கருவி தனித்தனியாக எண்ணும். அதனால் அதன் கணக்கில் மல்லிகை ஏழு. தங்கச்சிமடம் நமக்கு எட்டு எழுத்து, அதற்குப் பன்னிரண்டு. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி, இரண்டு செய்திக்கான கட்டணம் வந்துவிடும். தமிழில் வியாபாரச் செய்தி அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

நம் நாட்டில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்றைக்குக் கைப்பேசி பணக்காரர் பொருள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் களையெடுக்கிறவர் கையிலும், வலை பின்னுகிறவர் கையிலும் அது வந்துவிட்டது. செய்தி அனுப்புகிற செலவு பைசாக் கணக்குக்கு இறங்கியது.

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. மடை தண்ணீர் இலவசம் என்றால் யார் வரப்பைப் பார்ப்பார்கள்? கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, லாட்டரி விழுந்திருக்கிறது என்று ராத்திரி பகல் பார்க்காமல் செய்தி கொட்டியது. ஆயிரம் பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் மாட்டினாலும் அனுப்புகிறவனுக்கு லாபம். மீதி 999 பேருடைய நேரமும் நிம்மதியும் போவதைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? கட்டணம் கட்டியிருந்த வரப்பு கரைந்து போயிற்று. புது வரப்பைச் சட்டம்தான் கட்ட வேண்டி வந்தது.

இதற்குப் பொறுப்பான அமைப்பு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிராய் என்பார்கள். 1997-ல் ஏற்பட்டது. இந்த ஆணையம் ஒரே நாளில் சரியான வரப்பைக் கட்டிவிடவில்லை. கட்டியது, உடைந்தது, மறுபடி கட்டியது.

முதல் முயற்சி 2007-ல். "எனக்கு விளம்பரம் வேண்டாம்" என்று சொல்கிறவர்களின் எண்களை ஒரு பட்டியலில் சேர்த்தார்கள். அந்த அக்டோபரில் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பட்டியலை யார் மதித்தார்கள்? தொல்லை நிற்கவில்லை.

இரண்டாவது முயற்சி கடுமையாக இருந்தது. 2010 டிசம்பரில் புது விதிகளை வெளியிட்டு, 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக அமல் செய்தார்கள். இரவு 9 மணியிலிருந்து காலை 9 மணி வரை விளம்பரச் செய்தி கூடாது என்றார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று எல்லோருக்குமே அளவு வைத்தார்கள். ஜனங்கள் முணுமுணுக்கவே, அந்த நவம்பரில் 200 ஆக்கினார்கள்.

இந்த அளவு சரியா என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2012 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வியாபார நோக்கம் இல்லாமல் சொந்தமாகச் செய்தி அனுப்புகிறவருக்கு இப்படி அளவு வைப்பது பேச்சுரிமையைக் குறைப்பதாகும் என்று சொல்லி, அவர்கள் விஷயத்தில் அந்த வரம்பை நீக்கியது. கவனித்தீர்களா? மாடு மேய்கிறது என்று வேலி போடப் போய், நடந்து போகிற மனிதன் பாதையையும் அடைத்துவிட்டார்கள். அதை நீதிமன்றம் திறந்து விட்டது. பிறகு அந்த நவம்பரில் டிராய் வேறு வழி பார்த்தது. நாளொன்றுக்கு 100 செய்தியைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா. பழைய தந்தி முறைதான், காசே வரப்பு. இந்த 50 பைசா விதி 2020 ஜூனில் எடுக்கப்பட்டது.

நடுவில் 2012 ஆகஸ்டில் ஒன்று நடந்தது. வடகிழக்கு மாநிலத்து ஜனங்களைத் தாக்கப் போகிறார்கள் என்று பொய்ச் செய்திகள் கைப்பேசி வழியாகப் பரவின. பெங்களூரு போன்ற நகரங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பயந்து ரயில் ஏறி ஊருக்குப் போனார்கள். மத்திய அரசு 15 நாளைக்கு மொத்தமாகச் செய்தி அனுப்புவதை நிறுத்தியது. ஒரே சமயத்தில் ஐந்துக்கு மேல் கூடாது என்றது. சில நாள் கழித்து இருபது ஆக்கியது. ஒரு செய்தி என்பது வெறும் எழுத்து இல்லை, ஒரு ஊரையே காலி செய்ய வல்லது என்று அன்றைக்கு நாடு கண்டது.

மூன்றாவது முயற்சி 2018 ஜூலையில் வந்தது. இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது இதுதான். எத்தனை செய்தி என்று எண்ணுவதை விட்டுவிட்டு, யார் அனுப்புகிறார், என்ன அனுப்புகிறார், பெறுகிறவர் சம்மதித்தாரா என்று கேட்கிற முறை. இதற்காக ஒரு பொதுப் பதிவேடு வைத்தார்கள். டி.எல்.டி. என்று சொல்வார்கள். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஒரே அடங்கல் பதிவேட்டின் நகல் எல்லாக் கைப்பேசிக் கம்பெனிகளிடமும் இருக்கும். ஒருவர் மட்டும் தனியாக அழித்து எழுத முடியாது.

வியாபாரச் செய்தி அனுப்ப விரும்புகிறவர் அதில் மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலாவது, தன் தொழிலின் பெயரைச் சான்றுகளோடு பதிய வேண்டும். இரண்டாவது, செய்தியின் தலைப்பில் வருகிற ஆறு எழுத்து அல்லது எண் கொண்ட அடையாளத்தைப் பெற வேண்டும். மூன்றாவது, அனுப்பப் போகிற வாசகத்தின் மாதிரியை முன்கூட்டியே ஒப்புதலுக்குக் கொடுக்க வேண்டும். அச்சடித்த பாரத்தில் கோடிட்ட இடம் விட்டிருப்பதைப் போல, "உங்கள் நாற்று இத்தனை கட்டு, இந்தத் தேதியில் லாரியில் ஏற்றப்பட்டது" என்று எண்ணும் தேதியும் மட்டும் மாறலாம். வாசகம் மாறக் கூடாது. ஒப்புதல் பெற்ற மாதிரியோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும்.

2021 மார்ச் 8-ஆம் தேதி இந்த ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையைக் கண்டிப்பாகத் தொடங்கினார்கள். அன்றைக்கே தடுமாற்றம் ஏற்பட்டது. பல நிறுவனங்கள் வாசகங்களைச் சரியாகப் பதியாததால், பாங்கிப் பணத்துக்கு வருகிற ரகசிய எண், தடுப்பூசிப் பதிவுக்கு வருகிற எண் எல்லாம் வந்து சேரவில்லை. உடனே டிராய் ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்து, பிறகு படிப்படியாக நடத்தியது. வரப்பை ரொம்பவும் உயர்த்திக் கட்டினால் பாய வேண்டிய தண்ணீரும் பாயாது என்பதற்கு இது ஒரு பாடம்.

கடைசியாக 2025 பிப்ரவரியில் இன்னும் சில திருத்தங்கள். இவை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். இப்போது செய்தியின் தலைப்பில் கடைசியில் ஒரு கோடு போட்டு, ஓர் ஆங்கில எழுத்து வருகிறது பாருங்கள். பி என்றால் விளம்பரம். எஸ் என்றால் நீங்கள் வாடிக்கையாளராக இருக்கிற இடத்திலிருந்து வரும் சேவைச் செய்தி. டி என்றால் உங்கள் கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்டது. ஜி என்றால் அரசாங்கச் செய்தி. மாட்டுக்குக் காதில் வில்லை போடுகிற மாதிரி, செய்திக்கும் அடையாளம் வந்துவிட்டது.

இப்போது கடலோரத்துக்குத் திரும்புவோம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குக் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டவில்லை. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பல குடும்பங்கள் ஆளை இழந்தன. அதன் பிறகு 2019 அக்டோபரில், செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலில் இருப்பவருக்கும் எச்சரிக்கை தருகிற ஜெமினி என்ற கருவியை அறிமுகம் செய்தார்கள். நல்ல காரியம்.

ஆனால் கரையில் இருப்பவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவருக்கு அலை எட்டுகிறது. செய்தியும் வருகிறது. விவசாயிக்கும் அப்படித்தான். 2013-லிருந்து மத்திய அரசின் எம்-கிசான் திட்டத்தில் வானிலை, பூச்சி, விலை என்று செய்திகள் அனுப்புகிறார்கள். அந்த ஒரு செய்திக்கு முன்னும் பின்னும் நாற்பது கடன் விளம்பரம் கிடந்தால் என்ன ஆகும்? "அட, எல்லாம் குப்பைதான்" என்று பார்க்காமலே அழித்து விடுகிறோம். எட்டாத செய்தி ஒரு நஷ்டம். எட்டியும் படிக்காமல் போகிற செய்தி அதே அளவு நஷ்டம். களை மண்டினால் பயிருக்குப் போகிற சத்து குறைகிற மாதிரி, வீண் செய்தி மண்டினால் வேண்டிய செய்தியின் மேல் இருக்கிற நம்பிக்கை குறைகிறது. தந்திக்கு அன்று இருந்த மதிப்பில் கொஞ்சமாவது திரும்பி வரட்டும் என்பதுதான் இத்தனை விதிகளின் உள்நோக்கம்.

சரி, நம் நாற்றங்கால் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. விலை கேட்டு ஒருவர் போன் செய்கிறார், அவருக்கு நீங்கள் பதில் அனுப்புகிறீர்கள். அதில் தவறே இல்லை. ஆனால் கேட்காத முந்நூறு பேருக்கு, சொந்தப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் அனுப்புவது விதிக்கு விரோதம். பத்து நாளைக்குள் ஐந்து பேர் புகார் செய்தாலே நடவடிக்கை வரும். முதல் தடவை 15 நாள் உங்கள் எண்ணிலிருந்து வெளியே பேச முடியாது, அனுப்ப முடியாது. மறுபடியும் செய்தால் ஓராண்டுக்கு இணைப்பே துண்டிக்கப்படும். நாற்று விற்கிற பருவத்தில் போன் இல்லை என்றால் வியாபாரம் என்ன ஆகும் என்று மாமாவுக்குத் தெரியும்.

"அப்படியானால் பெரிய கம்பெனிதான் விளம்பரம் செய்யலாம், நாங்கள் கூடாதா?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. பதிவு வேலை முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. சான்றுகள் கேட்கிறார்கள். நாலு சென்ட் நாற்றங்கால் வைத்திருப்பவருக்கு இது சிரமம்தான். ஆனால் ஒரு வழி இருக்கிறது. சங்கமாகவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ சேர்ந்திருப்பவர்கள், அதன் பெயரில் ஒரு தடவை பதிவு செய்து கொள்ளலாம். ஒரே பெயர், ஒரே அடையாளம், எல்லோருக்கும் பயன். வாங்குகிறவருக்கும் "இது ஊர்ச் சங்கத்துச் செய்தி" என்ற நம்பிக்கை இருக்கும். நாற்று வாங்க வருகிறவரிடம், "அடுத்த பருவத்துக்குச் செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டுச் சம்மதம் வாங்கும் பழக்கத்தையும் இப்போதே ஆரம்பியுங்கள்.

செய்தி பெறுகிறவர்கள் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, விளம்பரம் வேண்டாம் என்றால் 1909 என்ற எண்ணுக்குச் சொல்லிப் பதிந்து கொள்ளுங்கள். இரண்டு, பதிவில்லாத எண்ணிலிருந்து தொல்லை வந்தால், ஏழு நாளைக்குள் அதே 1909-க்குப் புகார் செய்யுங்கள். முன்பே பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. மூன்று, பாங்கி பெயரைச் சொல்லி, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து செய்தி வந்தால் நம்பாதீர்கள். அதில் இருக்கிற இணைப்பைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த டிராய் விதிகளெல்லாம் குறுஞ்செய்திக்கும் அழைப்புக்கும்தான். வாட்ஸ்அப்பில் வருகிறதற்கு இந்த வரப்பு இல்லை. அங்கே உங்கள் ஜாக்கிரதைதான் வரப்பு.

1855-ல் 16 சொல்லுக்கு ஒரு ரூபாய் கொடுத்தவர், அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை யோசித்தார். இன்றைக்குக் காசு யோசிக்க வைப்பதில்லை. சட்டம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. மீதியை நாம்தான் யோசிக்க வேண்டும். நாளைக்குப் புயல் எச்சரிக்கை வந்தால், அதைப் பார்த்த உடனே பக்கத்துப் படகுக்காரரைத் தட்டி எழுப்புகிற மாதிரி, செய்தியின் மதிப்பைக் காப்பாற்றி வைப்போம்.